ஓடி என்றால் ஓடினானா? எல்லைப்புற வகுப்பறையும் இறந்தகால வினையும்

ஆங்கில வினைகளின் மூன்று பத்தி அட்டவணையை நம்மில் மறந்தவர் இருக்க முடியாது. கோ, வென்ட், கான். ரைட், ரோட், ரிட்டன். கட், கட், கட். முதல் பத்தி வேர்வடிவம், இரண்டாவது இறந்தகாலம், மூன்றாவது 'பாஸ்ட் பார்ட்டிசிபிள்' என்று சொல்லி மனப்பாடம் செய்யவைப்பார்கள். சில வினைகளுக்கு மூன்றும் வேறாக இருப்பதும், பெரும்பாலானவற்றுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகிவிடுவதும் ஏன் என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. கேட்டால், 'ஆங்கிலம் அப்படித்தான்' என்பதே விடை.

அந்தக் கேள்விக்கான நல்ல விடையொன்று கேரளத்தின் கிழக்கெல்லைப் பேச்சில் கிடக்கிறது. வினைமுற்றும் வினையெச்சமும் எப்போது பிரிகின்றன, எப்போது ஒன்றையொன்று விழுங்குகின்றன என்பதைக் காண வாளையாற்றையும் போடிமெட்டையும் விடப் பொருத்தமான இடங்களை நான் அறியேன்.

இடத்தைப் பற்றி முதலில் சிறிது சொல்ல வேண்டும். பாலக்காடு மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் ஒன்றையொன்று தொடுவன அல்ல. நடுவே திருச்சூரும் எறணாகுளமும் உள்ளன. ஆயினும் சித்தூரிலிருந்து மறையூருக்குப் போக எளிய வழி பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து செல்வதுதான். அந்த வழி நெடுகத் தமிழ்தான் கேட்கும். பாலக்காட்டின் பிற பகுதிகள் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தபோது, சித்தூர் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற ஊர்களில் தமிழ் வீட்டுமொழியாகத் தொடர்கிறது. இடுக்கியில் தமிழ் இரண்டு அடுக்காக இருக்கிறது. மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களின் பழைய வேளாண் தமிழ் ஒன்று. 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜே. டி. மன்றோ பெற்ற பின், தோட்டங்களில் வேலைக்கு வந்தவர்களின் தமிழ் மற்றொன்று. 1956 நவம்பர் 1 அன்று தென்திருவிதாங்கூரின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அங்குள்ள தமிழர் நிலையாகத் தங்கியவர்களா, பிழைக்க வந்து போகிறவர்களா என்பது அக்காலத்து வாதங்களில் ஒன்று. அஞ்சுநாட்டு ஊர்களை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு அரைகுறையானது என்று தெரியும். அது தனிக்கதை, இங்கே வினைக்கு வருவோம்.

எல்லைப்பகுதித் தமிழரிடையே ஒரு கேலி உண்டு: மலையாளத்தார் எதையும் முடிக்காமல் பேசுவார்களாம். அதன் பின்னே ஓர் இலக்கணச் செய்தி ஒளிந்திருக்கிறது. 'அவன் ஓடினான்' என்பதை மலையாளத்தில் 'அவன் ஓடி' என்பார்கள். மலையாளியின் காதுக்கு அது முழு வாக்கியம். தமிழனின் காதுக்கு 'ஓடி' என்பது வினையெச்சம். ஓடி என்ன செய்தான், விழுந்தானா, ஒளிந்தானா என்று காது காத்திருக்கும். 'அவன் ஓடி வன்னு' என்று சொன்னால் 'ஓடி' எச்சமாகவும் 'வன்னு' முற்றாகவும் அமைகின்றன. ஆக, ஒரே 'ஓடி' அம்மொழியில் ஆங்கில அட்டவணையின் இரண்டாம் பத்திக்குரிய வேலையையும், எச்சத்தின் வேலையையும் செய்கிறது.

'வா' என்னும் வினையில் நிலைமை நுட்பமாக மாறுகிறது. 'வன்னு' என்று உகரத்தை முழுமையாக ஒலித்தால் 'வந்தான், வந்தாள், வந்தேன்' எல்லாமே அதுதான். உகரத்தைக் குறுக்கி, இதழ் குவியாமல் ஒலித்தால் அது 'வந்து' என்னும் எச்சம். மலையாள இலக்கணிகள் முன்னதை விவிருதோகாரம் என்றும் பின்னதை சம்விருதோகாரம் என்றும் பிரிப்பர். நமக்கு அந்தப் பின்னது அயலானது அன்று. தொல்காப்பியம் ஓர் இயலையே ஒதுக்கிய குற்றியலுகரத்தின் உறவினர் அது. தமிழில் ஒலிச்சூழலால் குறுகும் உகரம், மலையாளத்தில் முற்றையும் எச்சத்தையும் பிரிக்கும் வேலியாக உயர்ந்துவிட்டது. இந்தக் குறுகிய உகரத்தை எழுத்தில் எப்படிக் காட்டுவது என்பதிலும் நெடுங்காலம் இரு வழக்குகள் இருந்தன: மலபாரில் மெய்யின்மேல் சந்திரக்கலை மட்டும் இடுவது, திருவிதாங்கூரில் உகரக் குறியோடு சந்திரக்கலையும் இடுவது.

இந்த நிலை எப்படி வந்தது? 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், தமிழிலிருந்து மலையாளம் விலகியதற்கான பெரிய அடையாளங்களில் ஒன்றாக வினையின் பால், இட விகுதிகள் வழக்கிழந்ததைக் குறிப்பிட்டார். ஏ. ஆர். ராஜராஜ வர்மா 1896இல் எழுதி 1917இல் விரிவாகத் திருத்திய 'கேரள பாணினீயம்' தமிழிலிருந்து மலையாளம் பிரிந்த வழிகளை ஆறு 'நயங்களாக' வகுத்தது. அவற்றுள் ஒன்று 'புருஷபேத நிராசம்', அதாவது தன்மை முன்னிலை படர்க்கை வேறுபாட்டை விட்டொழித்தல். அந்நூல் வினைகளைப் பிரிக்கக் கையாளும் சொற்கள் முற்றுவின, வினயெச்சம், பேரெச்சம் என்பவை. கருவிச் சொற்கள் நம்முடையவையே. பிரியும் கோடுதான் இடம் மாறியிருக்கிறது.

ராஜராஜ வர்மாவின் ஆறில் ஒலி பற்றிய இரண்டை எல்லைப்பேச்சின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஓர் ஐயம் எழுகிறது. 'அடித்து' என்பது 'அடிச்சு' ஆவது தாலவ்யாதேசம். அதை மலையாளத்தின் தனி அடையாளங்களில் ஒன்றாக அவர் எண்ணுகிறார். ஆனால் தமிழ்நாடு முழுக்கப் பேச்சில் 'அடிச்சான்' தானே? 'அறிந்து' என்பது அங்கே 'அறிஞ்ஞு' ஆனால், இங்கே 'அறிஞ்சு' ஆகிறது. வேறுபாடு ஒரு மெல்லினப் பெருக்கம் மட்டுமே. எழுத்துத் தமிழையும் பேச்சு மலையாளத்தையும் எதிரெதிரே நிறுத்தினால் இடைவெளி பெரிதாகத் தெரியும். பேச்சையும் பேச்சையும் நிறுத்தினால் ஒலி வேலி தாழ்ந்துவிடும். மிஞ்சி நிற்பது 'ஆன்', 'ஆள்', 'ஏன்' என்னும் விகுதிகள்தான். கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் ஒருவர் பேசுவது தமிழா மலையாளமா என்று தீர்மானிக்க வேண்டுமானால் சொற்களைக் கேட்காதீர்கள். இறந்தகால வினையின் வாலைக் கேளுங்கள்.

அந்த வால் ஒரே நாளில் அறுந்துவிடவில்லை. 'இராமசரிதம்' விகுதிகளோடுதான் நடக்கிறது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மணிப்பிரவாள இலக்கணமான 'லீலாதிலகம்' கேரள மொழியைப் பாண்டிய, சோழ நாட்டு மொழியிலிருந்து பிரித்துக் காட்டும்போது, அங்கே 'வந்தான்', இங்கே 'வன்னான்' என்ற வகையில் எடுத்துக்காட்டுகிறது. இதைக் கவனியுங்கள்: மெல்லின மாற்றம் வந்துவிட்டது, விகுதி இன்னும் நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டின் எழுத்தச்சனிடமும் 'சொன்னான்', 'அருளிச்செய்தான்' போன்ற வடிவங்கள் ஏராளம். ஆண்டுதோறும் கர்க்கடக மாதத்தில் கேரள வீடுகளில் அத்யாத்ம ராமாயணம் வாசிக்கப்படும்போது, அன்றாடப் பேச்சில் இல்லாத அந்த விகுதிகள் ஒரு மாதம் உயிர்பெற்று எழுகின்றன. அதே எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாக மரபு சொல்லும் குருமடம், தமிழ் கேட்கும் சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

விகுதி உதிர்ந்தால் முற்று எச்சத்தின் சாயலைப் பெறுகிறது என்னும் இந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கில அட்டவணைக்குத் திரும்புவோம்.

பழைய ஆங்கிலத்தில் வினைக்கு விகுதிகள் உண்டு. 'நேசித்தான்' என்பதற்கு 'லுவொடெ', 'நேசித்தார்கள்' என்பதற்கு 'லுவொடொன்', 'நேசிக்கப்பட்ட' என்னும் எச்சத்துக்கு 'யெலுவொட்'. மூன்றும் வேறுவேறு. நடு ஆங்கிலக் காலத்தில் சொல்லிறுதி உயிர்கள் மங்கின, பன்மை விகுதி தேய்ந்தது, எச்சத்தின் முன்னொட்டும் மறைந்தது. மிஞ்சியது 'லவ்டு' என்ற ஒரே வடிவம். அட்டவணையில் இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் ஒன்றாக இருப்பது ஆங்கிலத்தின் மனம்போன போக்கு என்று மாணவர் எண்ணுகிறார். உண்மையில் வால்கள் உதிர்ந்த இடத்தில் இரண்டு உடல்கள் ஒன்றுபோலத் தெரிகின்றன. மலையாள 'ஓடி'யில் நாம் கண்டதற்கு இது நெருங்கிய உறவு.

பகுதியே மாறும் வினைகளில் கதை இன்னும் சுவையானது. 'பாடு' என்னும் பொருளுள்ள வினைக்குப் பழைய ஆங்கிலத்தில் ஒருமை இறந்தகாலம் 'சாங்', பன்மை 'சுங்கொன்', எச்சம் 'சுங்கென்'. அதாவது இறந்தகாலத்துக்கே இரண்டு உயிர்கள். ஒருமை பன்மை வேறுபாடு அழிந்தபோது ஏதேனும் ஒன்றை விட்டாக வேண்டியிருந்தது. 'சிங்' ஒருமை உயிரைப் பிடித்துக்கொண்டது. அதனால் சாங், சங் என்று இரண்டு பத்திகள் மிஞ்சின. 'கொட்டு' என்னும் பொருளுள்ள 'ஸ்டிங்' பன்மைக்கும் எச்சத்துக்கும் உரிய உயிரைப் பிடித்துக்கொண்டது. அதனால் ஸ்டங், ஸ்டங். இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், சொத்துப் பிரிவினையில் வேறு பங்கு பெற்றவை. 'வாஸ்', 'வேர்' என்னும் இணையில் மட்டும் பழைய ஒருமை பன்மைப் பிரிவு இன்றும் நிற்கிறது. 'கோ'வுக்கு நேர்ந்தது வேறு: அதன் பழைய இறந்தகாலம் வழக்கொழிய, 'வெண்ட்' என்னும் பிறிதொரு வினையின் இறந்தகாலம் வந்து அமர்ந்தது.

பகுதி மாறுவது நமக்கும் புதிதன்று. விடு, விட்டான், பெறு, பெற்றான், புகு, புக்கான். இங்கே தனி இடைநிலை கிடையாது, பகுதி இரட்டித்தே காலம் காட்டுகிறது. கால்டுவெல் இவ்வகையைத் தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வினைச்சொல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண்ணை இடுவதும் இறந்தகாலம் எவ்வாறு அமையும் என்று காட்டத்தான். அட்டவணை தேவைப்படும் மொழி ஆங்கிலம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் அட்டவணையை நாம் தாய்மடியில் கற்றுவிட்டோம்.

முற்றும் எச்சமும் நெருங்கிக் கிடக்கும்போது ஒன்று மற்றொன்றின் இருக்கையில் அமர முயல்வது இயல்பு. 1762இல் ராபர்ட் லோத் தம் ஆங்கில இலக்கணத்தில், மூன்றாம் பத்தி வடிவம் வரவேண்டிய இடத்தில் இரண்டாம் பத்தி வடிவத்தை இட்டவர்களைக் கண்டித்தார். 'ஹேவ் ரோட்' என்று எழுதியவர்களுக்கு எடுத்துக்காட்டுகளை அவர் தேடியது பெரும் எழுத்தாளர்களின் நூல்களிலேயே. எதிர்த்திசையில், 'ஐ சீன்', 'ஐ டன்' என்று எச்சத்தையே முற்றாக்கும் வட்டார வழக்குகள் இன்றும் ஆங்கிலம் பேசும் நாடுகளில் உயிரோடு உள்ளன. இந்தியில் 'கயா' என்பது வடமொழியின் 'கத' என்னும் எச்சத்திலிருந்து வந்தது. அதனால்தான் அது பாலும் எண்ணும் காட்டும், இடம் காட்டாது. ருசிய இறந்தகாலமும் அவ்வாறே பழைய எச்சம்தான்.

அப்படியானால் மலையாளத்தில் நடந்தது எது? முற்று தன் வாலை இழந்ததா, எச்சம் முற்றின் இருக்கையில் ஏறியதா? 'வன்னான்' என்பதில் 'ஆன்' போனால் 'வன்னு' எளிதில் கிடைக்கும்; இது முதல் கருத்துக்குச் சாதகம். 'ஓடினான்' என்பதில் 'ஆன்' மட்டும் போயிருந்தால் 'ன்' எஞ்சியிருக்க வேண்டும், எஞ்சவில்லை. கிடைத்திருப்பது எச்சத்தின் வடிவமே. இது இரண்டாம் கருத்துக்குச் சாதகம். ஆனால் 'ஓடியது', 'ஓடிய' என்று தமிழிலும் 'ன்' இல்லாமல் வருகின்றனவே என்று ஒருவர் மறுக்கலாம். இகரமே காலம் காட்டுகிறது, னகரம் இடையில் ஒட்டியது என்று கொண்டால் அந்தச் சான்றின் வலு குறைந்துவிடும். எல். வி. ராமசுவாமி ஐயர் 1936இல் வெளியிட்ட மலையாள உருபனியல் வரலாற்று நூல் இந்த வடிவங்களையெல்லாம் நுணுகிப் பார்ப்பது. இத்துறையில் ஆய்வு செய்ய நினைக்கும் முதுகலை மாணவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது. விகுதியிழப்பு முதலில் நிகழ்ந்து, பிறகு எச்சத்தின் ஈர்ப்பு வடிவங்களைத் தன் பக்கம் இழுத்திருக்கும் என்பது என் சாய்வு. இரண்டும் ஒரே நிகழ்வின் இரு முகங்களாக இருக்கவும் தடையில்லை.

'முடிக்காமல் பேசுகிறார்கள்' என்னும் கேலிக்குத் திரும்பினால், அதைச் சொல்லும் தமிழர் தம் எதிர்மறையைச் சற்றுக் கேட்டுப்பார்க்க வேண்டும். நான் வரவில்லை, நீ வரவில்லை, அவள் வரவில்லை, அவர்கள் வரவில்லை. விகுதி எங்கே? பழந்தமிழில் 'வந்திலேன்', 'வந்திலன்' என்று இருந்தது, நாம் உதிர்த்துவிட்டோம். வேண்டும், முடியும், போதும் என்பவற்றிலும் இடம் காட்டும் விகுதி இல்லை. இன்னொன்று: முற்று எச்சத்தின் வேலையைச் செய்வதற்கு நம் இலக்கண மரபில் பெயரே உண்டு, முற்றெச்சம். 'கண்டனன் மகிழ்ந்தான்' என்றால் 'கண்டு மகிழ்ந்தான்' என்று பொருள்கொள்கிறோம். எச்சம் முற்றாவதைக் கேலி செய்யும் மொழி, முற்றை எச்சமாக்கி ஓர் இலக்கணக் கலைச்சொல்லும் படைத்திருக்கிறது. தவிர, விகுதியை இழந்த ஆங்கிலம் எழுவாயைக் கட்டாயமாக்கிக்கொண்டது. மலையாளம் அப்படிச் செய்யவில்லை. எழுவாயும் விகுதியும் இல்லாமல், 'வன்னு' என்ற ஒரு சொல்லில் வாக்கியம் முடிந்து, கேட்பவருக்கு யாரென்று புரிந்தும் விடுகிறது.

இவையெல்லாம் வகுப்பறைக்கு எப்படிப் போகின்றன என்பதே என் உண்மையான கவலை. கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்குத் தனி இடம் அளித்திருக்கிறது. அங்குள்ள பிள்ளை தமிழ்ப் பாடத்தில் 'இறந்தகாலம்' என்றும், மலையாளத்தில் 'பூதகாலம்' என்றும், ஆங்கிலத்தில் 'பாஸ்ட் டென்ஸ்' என்றும் ஒரே காலத்தை மூன்று பெயர்களில் படிக்கிறது. பெயர்கள் மூன்றானது சிக்கலன்று. மூன்றும் மூன்று வகையாக இயங்குவதைச் சொல்லித்தராததே சிக்கல்.

எடுத்துக்காட்டாக, 'டிட் நாட் கேம்' என்ற பிழை. மலையாளத்தில் 'வன்னில்ல' என்பது 'வன்னு'வோடு 'இல்ல' சேர்ந்தது. இறந்தகால வடிவத்தையே மறுக்கிறார்கள். தமிழில் 'வரவில்லை' என்பது 'வர' என்னும் காலமற்ற எச்சத்தோடு 'இல்லை' சேர்ந்தது. ஆங்கிலம் இங்கே தமிழின் பக்கம் நிற்கிறது: காலத்தை 'டிட்' சுமக்கிறது, வினை வெறும் வடிவத்தில் வருகிறது. இதை வைத்துத் தமிழ்ப் பிள்ளை இந்தப் பிழையைச் செய்யாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் செய்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் சிறுவயதில் செய்கிறார்கள். தாய்மொழித் தாக்கம் என்பது பல காரணங்களுள் ஒன்று. ஆனால் 'வர' என்பதைச் சுட்டிக்காட்டி விளக்கும் ஆசிரியருக்குத் தமிழ்ப் பிள்ளையிடம் ஒரு சாவி கிடைக்கிறது. அதைக் கையில் எடுக்காமல், 'எல்லைத் தமிழ், கலப்பு மொழி, அதனால் ஆங்கிலமும் வராது' என்று தீர்ப்பளிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

மூன்றாம் பத்திக்கும் இது பொருந்தும். 'பாஸ்ட் பார்ட்டிசிபிள்' என்பதை 'இறந்தகால எச்சம்' என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்தால், பிள்ளை 'புரோக்கன்' என்பதை 'உடைத்து' என்று நினைத்துக்கொள்ளும். அது ஓரிடத்தில் 'உடைந்த' என்னும் பெயரெச்சம். ஓரிடத்தில் 'உடைக்கப்பட்டது' என்பதன் பகுதி. 'ஹேவ்' வரும்போது 'உடைந்திருக்கிறது' என்பதன் பகுதி. தமிழில் மூன்று வெவ்வேறு வடிவங்கள் செய்வதை ஆங்கிலம் ஒன்றால் செய்கிறது. 'வந்திருக்கிறான்' என்று எச்சத்தோடு 'இரு'வைச் சேர்க்கிறோம்; மலையாளத்தில் 'வன்னிட்டுண்டு' என்று 'உண்டு' சேர்கிறது. ஆங்கிலத்திலும் வா, போ போன்ற வினைகளுக்கு 'ஹேவ்' நிலைபெறும் முன் 'ஹி இஸ் கம்' என்று 'இரு' என்னும் வினையே துணையாக வந்தது. பழைய ஆங்கிலப் பிரதி எதையாவது புரட்டும்போது அது அச்சுப்பிழை என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள். மறையூர், காந்தளூர், வட்டவடை, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளைச் சேர்ந்த நண்பர்கள், உங்கள் வீட்டு முதியவர்கள் 'வரவில்லை' என்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். 'வரல', 'வரல்ல' என்கிறார்களா, 'வந்தில்ல' போல இறந்தகால வடிவத்தோடு 'இல்ல'வைச் சேர்க்கிறார்களா? ஊர்ப்பெயரும் பேசுபவரின் தோராய வயதும் போதும்; ஆளின் பெயர் வேண்டாம்.